அரை விரல் குறை

காலை ஒன்பதரைக்கு விமானக் கொட்டகையின் பெரிய கதவைத் தள்ளித் திறந்து, விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தவர், கருவிப் பலகையை வழக்கம்போல ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் கடந்து போனார். நாலடி போன பிறகுதான் அங்கே ஏதோ சரியாக இருக்கிறது என்று அவருக்கு உறைத்தது. இருபத்து மூன்று வருஷமாகத் தவறாகவே இருந்து பழகிப்போன ஒன்று, இன்றைக்குச் சரியாக இருந்தது.

திரும்பி வந்து நின்றார்.

சுவரில் ஆள் உயரத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடித்த மரப்பலகை அது. சுத்தியல், ஸ்பேனர், குறடு என்று ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தையே கறுப்பில் வரைந்து, அந்த நிழலின் மேலேயே கருவியை மாட்டியிருப்பார்கள். எங்கேயாவது கறுப்பு தெரிந்தால் ஒரு கருவி திரும்பி வரவில்லை என்று அர்த்தம். இந்தக் கொட்டகை அருங்காட்சியகமாக மாறுவதற்கு முன்னால், நிஜ விமானங்கள் நின்ற காலத்தில், அவர் இங்கே தரை மெக்கானிக். பலகையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காப்பவர் என்பதால் அவருக்குப் 'பலகை' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

மூன்றாவது வரிசையில் ஏழாவது, சிவப்புப் பிடி போட்ட நீளத் திருப்புளி. அதன் நுனிக்குக் கீழே அரை விரல் அளவுக்குக் கறுப்பு எப்போதும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். உற்றுப் பார்த்தால்தான் தெரியும்; உற்றுப் பார்க்க அவரைத் தவிர யாருக்கும் காரணம் இல்லை. இன்றைக்கு அந்தக் கறுப்பு இல்லை. திருப்புளி நிழலை முழுசாக மூடிக்கொண்டு தொங்கியது.

பலகைக்கு முன்னால் கண்ணாடிக் கதவு. அதற்குப் பூட்டு. பூட்டின் ஒரே சாவி அவர் இடுப்பில் இருந்தது.

வேறு யாராவது இருந்தால் அலறியிருப்பார்கள். அவர் துடைப்பத்தை எடுத்தார். ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அப்படி அவருக்கு உள்ளே ஏதோ ஒன்று பல வருஷத்துக்கு முன்பே மரத்துப்போயிருந்தது. காலாக இருந்தால் உதறிக்கொண்டு எழுந்திருக்கலாம். இதை எங்கே பிடித்து உதறுவது? அதனால் பெருக்கினார். பலகைக்குக் கீழே ஒரு கை அகலத்துக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. அண்ணாந்து பார்த்தார், தகரக் கூரை காய்ந்து கிடந்தது. மழை வெளியே இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. துணியால் துடைத்துவிட்டுப் போய், கொட்டகையின் நடுவில் நிற்கும் இரட்டை இருக்கைப் பயிற்சி விமானத்தைத் தூசி தட்ட ஏணியில் ஏறினார்.

அந்த விமானத்தின் கண்ணாடி மூடி ஒரு தொல்லை பிடித்த சமாச்சாரம். மூடினால் தானே பூட்டிக்கொள்ளும். உள்ளே இருந்த கைப்பிடி எப்போதோ காணாமல் போய்விட்டது. வெளியிலிருந்து திறக்க, ஆழமான ஒரு துளைக்குள் நீளத் திருப்புளியை விட்டு அடியில் இருக்கும் திருகைத் திருப்ப வேண்டும். அதற்கென்றே ஒன்றை அவர் பையில் வைத்திருப்பார். இன்றும் அதை வைத்துத் திறந்தார். மூடி விழாமல் இருக்க ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்தார். முன் இருக்கையைத் துடைத்துப் பாதி முடிப்பதற்குள் வாசலில் மணி அடித்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். இறங்கி ஓடினார்.

பிள்ளைகளை முற்றத்தில் நிறுத்தி ராக்கெட்டின் மூக்கைக் காட்டினார். கயிற்றில் தொங்கும் செயற்கைக்கோள் மாதிரியைக் காட்டினார். விண்வெளி வீரர் உட்காரும் நாற்காலியில் ஒவ்வொருவராக உட்கார வைத்து, எடையே இல்லாமல் மிதப்பது எப்படி என்று தினமும் சொல்கிற அதே நகைச்சுவையைச் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். கடைசியாகப் பலகைக்கு முன்னால் கொண்டு வந்து நிறுத்தினார்.

"விமானம் கெளம்புறதுக்கு முன்னாடி இந்தப் பலகை நிறைஞ்சிருக்கணும். ஒரே ஒரு கருவி குறைஞ்சாக்கூட விமானம் நகராது. உள்ள எங்கயாவது விழுந்து கெடந்தா, மேல போனதும் உருண்டு போய் எதுலயாவது சிக்கிக்கும். அதனால பைலட் ஏறும்போது மெக்கானிக்கப் பாத்து, 'நிறைஞ்சிருக்கா'ன்னு கேப்பார். 'நிறைஞ்சிருக்கு'ன்னு பதில் வந்தாத்தான் மூடியைச் சாத்துவார்."

"ஒரு தடவைகூடக் குறைஞ்சதில்லையா?" என்று ஆசிரியை கேட்டார்.

"இல்லைங்க."

தினமும் யாராவது கேட்பார்கள். தினமும் இதே பதில்தான். சொல்லி முடித்தபோது, பின்னால் பயிற்சி விமானத்தின் பக்கத்திலிருந்து ஒரு சொட்டு விழுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிள்ளைகள் கொட்டாவி விட்டுக்கொண்டு வரிசையாக வெளியே போனார்கள்.

அவர்கள் போன பிறகு காலையில் துடைத்த இடத்தைப் பார்த்தார். ஈரம் காய்ந்து வெள்ளை வளையம் ஒன்று படிந்திருந்தது. குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு. இங்கிருந்து கடல் பத்து மைல்.

அந்தத் திருப்புளி எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியும். அவருக்கு மட்டும்தான் தெரியும்.

இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால், அன்றைக்கு அவருடைய தங்கைக்குப் பெண் பிறந்திருந்தது. தங்கையின் கணவர் இங்கே சோதனை விமானி. இதே கொட்டகையில் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டே வேலை பார்த்த மச்சானும் மாப்பிள்ளையும் அவர்கள். அரை மணி நேரச் சோதனைப் பறப்பு ஒன்று பாக்கி இருந்தது. அதை முடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க் குழந்தையைப் பார்க்க வேண்டும். இவர் பலகையை எண்ணியபோது மூன்றாவது வரிசையில் ஏழாவது இடம் கறுப்பாக இருந்தது. விதிப்படி விமானத்தின் எல்லா மூடிகளையும் கழற்றித் தேட வேண்டும். ராத்திரி ஆகிவிடும். "சீக்கிரம் மச்சான், எம் பொண்ணு யார் ஜாடைன்னு பாக்கணும்" என்று மாப்பிள்ளை ஏணியில் நின்று சிரித்தார்.

இவர் ஸ்டோருக்குப் போய் அதே மாதிரி சிவப்புப் பிடி போட்ட ஒன்றை எடுத்து வந்து மாட்டினார். அரை விரல் குட்டை. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. காணாமல் போனது தன் டிபன் பைக்குள்ளோ சட்டைப் பைக்குள்ளோதான் கிடக்கும் என்று நிஜமாகவே நம்பினார்.

"நிறைஞ்சிருக்கா மச்சான்?"

"நிறைஞ்சிருக்கு மாப்ள. கெளம்புங்க."

விமானம் கடலில் விழுந்தது. ஒரு டயரும் இருக்கையின் மெத்தையும் மட்டும் கரை ஒதுங்கின. டிபன் பையிலும் சட்டைப் பையிலும் திருப்புளி இல்லை. விசாரணைக்கு வந்தவர்கள் பலகையைப் பார்த்தார்கள், நிறைந்திருந்தது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். குழந்தையைப் பார்க்கிற அவசரத்தில் விமானி கவனம் தவறிவிட்டார் என்று அறிக்கை வந்தது. இவர் வாயைத் திறக்கவில்லை. முதலில் பயம். பிறகு, சொன்னால் தங்கை முகத்தில் எப்படி விழிப்பது என்ற தயக்கம். பிறகு அதுவும் போய் ஒன்றுமில்லாமல் ஆகிவிட்டது. கொட்டகை அருங்காட்சியகமானபோது, வழிகாட்டி வேலைக்கு முதல் ஆளாக மனுப் போட்டார். வேறு யார் கையிலாவது சாவி போனால் பலகையை அளந்து பார்த்துவிடுவார்களே.

நாலரை மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை மேல் கல் கொட்டுகிற மாதிரி சத்தம். அந்த மழையில் நனைந்துகொண்டு தங்கை மகள் வந்தாள். இருபத்து மூன்று வயது. லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை. யூனிஃபார்ம் பையில் டெஸ்டரும் குறடும் துருத்திக்கொண்டிருந்தன. குழந்தையிலிருந்தே இந்தக் கொட்டகையில் ஓடி விளையாடியவள்.

"டீ இருக்கா மாமா, இல்ல எடையில்லாம மெதக்கறது எப்படின்னு சொல்லியே அனுப்பிடுவீங்களா?"

பிளாஸ்க்கிலிருந்து ஊற்றிக் கொடுத்தார். அவள் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். பிறகு பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"நாளைக்குக் கல்வெட்டுத் திறக்கறாங்க. இங்கேருந்து போய்த் திரும்பாத பைலட்டுங்க பேரு. பதினோரு பேரு. அப்பா பேரு இல்ல."

"தெரியும்."

"டைரக்டரப் பாத்துட்டு வரேன். அறிக்கையில அப்பா தப்புன்னு இருக்கறதால போட முடியாதாம். ஆனா அன்னைக்குத் தரையில இருந்த மெக்கானிக், விமானத்துல சந்தேகம் இருந்துச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா, காலைலயே செதுக்கிடுவாங்களாம். கல்லுல ஒரு பேருக்கு எடம் இருக்கு. இன்னைக்கு மூடறதுக்குள்ள குடுக்கணும்."

அவர் தாளைப் பார்த்தார். வெறும் தாள்.

"என்னைப் பாக்க வர்ற அவசரத்துல செத்தாருன்னு எழுதி வெச்சிருக்காங்க மாமா. ஸ்கூல்ல சொல்லிக் காட்டினாங்க. சொந்தக்காரங்க இப்பவும் சொல்றாங்க. அம்மா வாயத் தொறந்து சொன்னதில்ல, ஆனா எம் பொறந்தநாள் அன்னைக்கு மட்டும் என் மூஞ்சியப் பாக்க மாட்டாங்க." அவள் குரல் உடையவில்லை. எத்தனையோ தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்த மாதிரி மெதுவாகச் சொன்னாள். "ஒரே ஒரு வரி. நெஜமா இருந்தா மட்டும் எழுதுங்க. பொய்யா வேண்டாம்."

தனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. வெட்கம்கூட யாரோ அடுத்த வீட்டுக்காரர் படுகிற வெட்கம் மாதிரி தூரத்தில் இருந்தது.

"யோசிச்சு எழுதறேன்" என்றார்.

"எழுதுங்க. நான் அதுக்குள்ள பிளேன்ல என் சீட்ல உக்காந்திருக்கேன்."

போகிற வழியில் பலகைக்கு முன்னால் நின்றாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"அட, மாத்திட்டீங்களா? இந்த ஸ்க்ரூடிரைவர் மட்டும் அண்ணன் சட்டையப் போட்டுக்கிட்ட தம்பி மாதிரி தொளதொளன்னு நிக்குமே. சின்ன வயசுல பாத்துப் பாத்துச் சிரிப்பேன்."

பல வருஷத்துக்குப் பிறகு அவர் உடம்பில் ஏதோ ஒன்று அசைந்தது. அப்படியானால் இது தன் கண்ணின் கோளாறு இல்லை. அவளுக்கும் தெரிகிறது. அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

"ஆமா. மாத்தியாச்சு" என்றார்.

அவள் ஏணியில் ஏறி முன் இருக்கையில் உட்காருவது தெரிந்தது. விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடி மூடியின் நிழல் தரையில் பெரிய வயிறு மாதிரி விழுந்திருந்தது. எண்ணெய், பழைய ரப்பர், மரத்தூள் என்று இந்தக் கொட்டகைக்கே உரிய வாசனைக்கு நடுவே வேறொன்று மெல்ல மெல்லக் கலந்து வந்தது. காய வைத்த மீன்வலைகளுக்குப் பக்கத்தில் நின்றால் வருமே, அது. மழையின் இரைச்சலுக்கு அடியில் அந்தச் சொட்டும் கேட்டது. இப்போது சீராக.

பேனாவை எடுத்தார். 'அன்று பலகை' என்று எழுதினார். அடுத்த வார்த்தை 'நிறையவில்லை'. அவ்வளவுதான். ஒரே வார்த்தை. கை நகரவில்லை. எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்தார். எழுதாவிட்டால் என்ன ஆகும் என்றும் யோசித்தார். இரண்டும் ஒரே மாதிரி சப்பென்று இருந்தன. மணி ஐந்தேகால்.

"மாமா."

"ம்?"

"இந்த ஹெட்செட் வேலை செய்யுதா?"

வேலை செய்யாது. அதன் ஒயர் எந்த இடத்திலும் சேராமல் இருக்கைக்கு அடியில் வெட்டி விடப்பட்டிருந்தது. வெட்டியவரே அவர்தான்.

"எறங்கி வா" என்றார். குரல் போதவில்லை. மழை அதை விழுங்கிவிட்டது.

"யாரோ பேசறாங்க. தண்ணிக்குள்ளேருந்து பேசற மாதிரி..." அவள் காதை அழுத்திக்கொண்டாள். முகத்தில் கொஞ்சம் சிரிப்புகூட இருந்தது. "நிறைஞ்சிருக்கா மச்சான்னு கேக்கறாங்க."

எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் விழுந்தது. இல்லை என்று சொல்ல வேண்டும். அவருக்குத் தெரிந்தது. இந்த ஒரு தடவை. இல்லை, மாப்ள, குறையுது, எறங்குங்க. வார்த்தைகள் எல்லாம் தயாராக இருந்தன. ஆனால் பிள்ளைகளிடமும் ஆசிரியர்களிடமும் விசாரணை அதிகாரிகளிடமும் இருபத்து மூன்று வருஷம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாய், தும்மல் வருகிற மாதிரி, அவரைக் கேட்காமலேயே திறந்துகொண்டது.

"நிறைஞ்சிருக்கு."

முட்டுக் கட்டை நழுவியது.

மூடி விழுந்தது. கிளிக்.

மழைச் சத்தம் அப்படியே நின்றுபோனது. மழை நிற்கவில்லை. கதவுக்கு வெளியே பெய்வது தெரிந்தது. சத்தம்தான் இல்லை.

அவள் மூடியைத் தள்ளினாள். தள்ளிப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள். பயமில்லை இன்னும். 'தெறங்க மாமா' என்று உதடு அசைந்தது. அவர் ஓடினார். ஏணியில் ஏறினார். பையில் கை விட்டார்.

பை காலி.

கண்ணாடி வழியாகப் பார்த்தார். அவருடைய நீளத் திருப்புளி அவள் காலடியில் கிடந்தது. காலையில் துடைக்கும்போது வைத்த இடத்தில். உள்ளேயே விட்டுவிட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடப் போயிருக்கிறார். விமானத்துக்குள்ளேயே.

அதன் மேல் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

அவள் கீழே பார்த்தாள். காலைத் தூக்கிக்கொண்டாள். தண்ணீர் கறுப்பாக இருந்தது. எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. கணுக்கால். முழங்கால். இப்போது அவள் கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தாள். சத்தம் வரவில்லை.

இறங்கினார். விழுந்தார். எழுந்தார். பலகை. சாவி. கை நடுங்கவில்லை, அந்தக் கேடுகெட்ட கை இப்போதும் நடுங்கவில்லை. பூட்டைத் திறந்தார். சுத்தியலைப் பிடுங்கினார். மூன்றாவது வரிசையில் ஏழாவது திருப்புளியைப் பிடுங்கினார். மறுபடியும் ஏணி.

சுத்தியலால் அடித்தார். கீறல். அடித்தார். கீறல் மட்டும். திருப்புளியைத் துளைக்குள் விட்டார். திருகைத் தேடினார். நுனி எதையும் தொடவில்லை. இன்னும் அழுத்தினார். பிடி துளையின் விளிம்பில் இடித்து நின்றது.

வெளியே எடுத்துப் பார்த்தார்.

குட்டை. ஸ்டோரிலிருந்து அவர் எடுத்து வந்த அதே குட்டை. அரை விரல்.

"மாப்ள" என்றார். "மாப்ள, நிறையல. அன்னைக்கு நிறையல. நாந்தான். நாந்தான் மாட்டினேன்."

கொட்டகை முழுக்க எதிரொலித்தது. வேறெந்தச் சத்தமும் இல்லாததால் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. நெஞ்சுக்குள் மரத்துப்போயிருந்தது சுரீரென்று விழித்துக்கொண்டது. வலித்தது. கத்தினார். கண்ணீர் வந்தது.

தண்ணீர் அவள் தோளுக்கு வந்துவிட்டது.

அவள் அடிப்பதை நிறுத்தியிருந்தாள். அவரையும் பார்க்கவில்லை. யாரோ தோளைத் தொட்டுக் கூப்பிட்ட மாதிரி, மெதுவாகப் பின் இருக்கைப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள்.

பின் இருக்கையில் ஆள் இருந்தது. கழுத்துவரை தண்ணீரில். தலைக்கவசத்துக்குள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் பாசியும் சிப்பியும். ஊறி வெளுத்த ஒரு கை அவளுடைய கன்னத்தைப் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, யார் ஜாடை என்று பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு கையில் சிவப்புப் பிடி போட்ட திருப்புளி. நீளமானது. அதன் நுனி கண்ணாடியின் உட்பக்கத்தில், சரியாக அவர் முகத்துக்கு நேராக, டொக், டொக் என்று தட்டிக்கொண்டிருந்தது.